கறுப்புத் திரைக்குள் இருந்த ஆள்

போன சனிக்கு முந்தின சனிக்கிழமை முதலாளி எனக்கு ஒரு வாரம் கெடு கொடுத்தார்.

நான் குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜர். வீடு தென்காசியில். சாரல் தொடங்கிவிட்டால் லாட்ஜில் தீக்குச்சிகூட பற்றாது. போன சீசனில் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் ஈரம் குடித்தே செத்தது. உள்ளே இருந்த பதிவும் அதோடு போனது.

அதனால் இந்த வருஷம் அறைப் பதிவை வீட்டில் வைத்தோம். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. ஹோம் சர்வர் என்கிறார்கள். போனில் வரும் புக்கிங்கை என் மனைவி மல்லிகா சாயங்காலம் அதில் ஏற்றுவாள். பகலில் நான் குற்றாலத்தில் ஒரு பழைய லேப்டாப்பில் அதே திரையைத் திறந்து பார்க்க வேண்டும். லேப்டாப் ஈரத்தில் போனாலும் பதிவு பிழைக்கும். யோசனை நல்ல யோசனைதான்.

தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுடலை எல்லாம் பொருத்திக் கொடுத்தார். அன்று குற்றாலத்தில் திரை திறந்தது. மறுநாள் திறக்கவில்லை.

பேர் கேட்கும். பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் திரை கறுப்பாகும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்... பிறகு அதுவும் மறைந்துவிடும்.

மல்லிகா ஒன்பது மணிக்குத் தையல் யூனிட்டுக்குப் போய்விடுவாள். அங்கே போன் எடுக்க விடமாட்டார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமை பதிவைப் பார்க்க பைக்கில் நானே வீட்டுக்கு ஓடினேன். ரோடு முழுக்க வேன். திரும்பி வருவதற்குள் முதலாளி மூன்றாம் நம்பர் அறையை யாருக்கோ கொடுத்துவிட்டார். அது வருஷா வருஷம் வரும் ஒரு பெரியவருக்கு எடுத்து வைத்த கீழ்த்தளத்து அறை. அவருக்கு முட்டு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். என்னை இரண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை.

முதலாளி சொன்னார்.

"பெட்டிய நம்பி நான் ஏச்சு வாங்க முடியாது வே. அடுத்த சனி வரைக்கும் பாப்பேன். சரியாகலன்னா நோட்டுதான். நோட்டுல எழுத எனக்கு மேனேஜர் வேண்டாம். நானே எழுதிக்கிடுவேன்."

புரிந்தது.

சுடலைக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, சாப்ட்வேர் கோளாறு. எல்லாத்தையும் அழிச்சு பார்மேட் போட்டுருவோம்."

"பதிவு?"

"காப்பி எடுத்துத்தான் போடுவேன். ஆனா எல்லாம் அப்படியே வரும்னு என்னால சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் வாரேன்."

சீசன் நடுவில் பதிவு போனால்? போனை வைத்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் லாட்ஜில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் என்ன பார்ப்போம்? டேங்க். பிறகு பைப். கடைசியில் குழாய். அப்படியே பார்த்தேன்.

பேர் கேட்கிறது — அப்படியானால் பெட்டி உயிரோடு இருக்கிறது, லைனும் வருகிறது. பாஸ்வேர்டை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன். தப்பு என்று திட்டியது. சரியாகப் போட்டேன். திட்டவில்லை, கறுத்தது. ஆக, பாஸ்வேர்டும் சரி. வாசலில் விடுகிறது. உள்ளேதான் ஏதோ மறிக்கிறது.

திங்கள் திறந்தது. செவ்வாய் இல்லை. புதன் திறந்தது. வியாழன் இல்லை.

திங்களும் புதனும் என்ன விசேஷம்? யோசித்தேன். இரண்டு நாளும் நான் கிளம்பி வந்த பிறகு காற்றடித்து வீட்டில் கரண்ட் போயிருந்தது. கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழுந்துகொள்ளும்.

சுடலையிடம் சொன்னேன். "கரண்ட் போன நாள்ல மட்டும் ஒழுங்கா திறக்கு."

சிரித்தார். "கரண்ட் போனா கெட்டுப்போகும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். உங்க பெட்டி ஒண்ணுதான் தேறுது."

சிரிக்கட்டும். கரண்ட் போனால் பெட்டிக்கு என்ன நடக்கும்? உள்ளே இருக்கிற ஆள் எல்லாம் வெளியே. அப்படியானால் மற்ற நாளில் உள்ளே யார் இருந்தது?

நான்தான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் வருகிறார் என்றால் அறையை முன்கூட்டியே திறந்து, லைட்டும் ஃபேனும் போட்டு வைத்துவிடுவோம். மூடிக் கிடந்தால் ஈர வாடை அடிக்கும். அதே பழக்கத்தில் தினமும் காலையில் கிளம்பும் முன்னால் பெட்டியைத் திறந்து, என் பேரில் உள்ளே போய், மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வருவேன். குற்றாலத்தில் சட்டென்று திறக்கட்டுமே என்று!

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் குற்றாலத்திலிருந்து மல்லிகாவைப் போனில் கூப்பிட்டேன்.

"மானிட்டரைப் போடு. என்ன தெரியுது?"

"உங்க பேருதான் இருக்கு. கீழ புக்கிங் லிஸ்ட்டு."

"லாக் அவுட்டுன்னு இருக்கும். அதை அமுக்கு."

"நீங்கதான உள்ள இருக்கிய?"

"ஆமா. வெளிய தள்ளு."

"இது மொதல்லயே தெரியாமப் போச்சே," என்றாள். "தள்ளிட்டேன். எனக்கு பஸ் வந்துரும்."

லேப்டாப்பில் பேர் கொடுத்தேன். பாஸ்வேர்டு கொடுத்தேன். கறுத்தது... பிறகு வெளுத்தது. பதிவு வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும்.

ஒரே பேரில் ஓர் ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இன்னோர் ஆளை அது உள்ளே விடவில்லை. நியாயம்தானே? நானும் விடமாட்டேன்.

சுடலைக்கு விஷயத்தைச் சொல்லி, மத்தியானம் வரவேண்டாம் என்றேன். ஒரு டீ குடித்தேன். கூட ஒரு வடையும்.

அன்று சாயங்காலம் மல்லிகா புக்கிங்கை ஏற்றிவிட்டு லாக் அவுட்டை அமுக்கினாள். சனிக்கிழமை வீட்டில் பெட்டியைத் தொடாமல் கிளம்பினேன். பதினான்கு அறை. ஒன்பது மணியிலிருந்து வேன் மேல் வேன். திரையைப் பார்த்துப் பார்த்துச் சாவி கொடுத்தேன். ஒரு அறைகூட மாறவில்லை. முதலாளி பக்கத்தில் நின்று கடைசிச் சாவி வரைக்கும் பார்த்தார். பிறகு கையிலிருந்த நோட்டை மேஜைக்குள் போட்டு மூடினார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

நேற்று சுடலை கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இங்கன இன்னொருத்தருக்கும் அதே மாதிரி கறுப்பா வருது. என்ன கேக்கணும்?"

"வீட்டைப் பூட்டும்போது அவரு பெட்டிய விட்டு வெளிய வந்துட்டாரான்னு கேளு," என்றேன்.