டயல் கண்ணாடியில் ஒரு பொட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் சிடி வந்துவிட்ட இந்தக் காலத்தில், ரேடியோவோடு சேர்ந்த பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஊமையாகிவிட்டால் பெங்களூர்க்காரர்கள்கூட ஓசூருக்கு என்னைத் தேடித்தான் வருகிறார்கள். நேற்று கம்பெனித் தொழிலாளி ஒருவர் கொண்டுவந்த ரிசீவரின் டயல் கண்ணாடியில், யாரோ சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். ஈரத்துணியோடு போன என் கை நின்றுவிட்டது.

கர்நாடக எல்லையோரம் பாகலூரில் எங்கள் வீட்டு ரேடியோவிலும் அப்படி ஒரு புள்ளி இருந்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கன்னட நிலையங்களுக்கு நடுவே தமிழ் நிலையம் சிக்காமல் முள்ளைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அம்மாதான் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, சரியான இடத்தில் பொட்டு வைத்தாள்.

"இங்க நிறுத்துங்க. கொரகொரன்னு உயிர வாங்காதீங்க."

அம்மா செத்த பிறகும் அப்பா தினமும் முள்ளை அந்தப் பொட்டில் நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அவரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, ஒருநாள் சோப்புத் தண்ணீரால் கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்தேன். எண்களோடு பொட்டும் போயிற்று.

அப்பா அடிக்கவில்லை. "உங்கம்மா இன்னிக்குத்தான்டா போனா" என்றார். பிறகு அவர் ரேடியோவைத் தொடவே இல்லை.

தொழில் கற்றதும் நான் முதலில் சரிசெய்தது, தொடாமல் கிடந்தே பழுதாகிவிட்ட அந்த ரேடியோவைத்தான். எல்லா நிலையமும் கணீரென்று எடுத்தது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்று ரிசீவரைத் திரும்ப வாங்கிப்போக வந்த தொழிலாளி கேட்டார்: "பாட்டு சூப்பரா வருதுண்ணா. கண்ணாடிய மட்டும் தொடைக்காம வுட்டுட்டீங்களே?"

"எனக்குத் தெரியாத வேலை அது ஒண்ணுதாம்பா" என்றேன்.