குக்கரக்கா உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு தட்டு

சுற்றுலாக் கம்பெனியின் விளம்பரத்தில் அரண்மனையும் அருவியும் சின்னதாக இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது ஒரே வரி: 'எந்த ஊருக்குப் போனாலும் நம்ம வீட்டுச் சாப்பாடு.' அந்த வரியை நம்பித்தான் ஆட்கள் பதிவு செய்தார்கள். அதைக் காப்பாற்றிக்கொடுத்தவர் ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருவர். பயணிகளுக்கு அவர் குக்கரக்கா. சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது; விமான நிலைய அதிகாரிகளைத் தவிர அதை யாரும் வாசித்ததில்லை.

பதினேழு வருடமாக அவர் பஸ்ஸின் கடைசி இருக்கையில் ஊர் சுற்றினார். ஓட்டல்களில் காலைச் சமையல்காரர்கள் வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவர்களுடைய அடுப்பு இவருக்கு. அதற்குள் அன்றைக்கு வேண்டியதை எல்லாம் ஆக்கி, தூக்குகளில் அடைத்து, மேடையைத் துடைத்து, வாசனை போக ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வெளியேறிவிட வேண்டும். மதியம் ஏதாவது பூங்கா ஓரத்தில் பஸ் நிற்கும். வரிசையில் வருகிறவர்களுக்குப் பரிமாறுவார். எல்லாரும் ஏப்பம் விட்டபின், தூக்கின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்து, பஸ்ஸின் பின்படி அருகே நின்றபடி நாலு வாய் போட்டுக்கொள்வார்.

எத்தனை நாடு பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதினொன்று என்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஓட்டல் பின்வாசல்களைப் பற்றிச் சொல்வார். எந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, எந்த ஓட்டலில் கடுகு வெடித்தாலே தீயணைப்பு மணி அலறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவருடைய மகளுக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு வேலை. அம்மா ஊர் திரும்பும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றே.

"அங்க என்னம்மா சாப்பிட்ட?"

"நான் ஆக்குனதைத்தான்."

"அதுக்கு எதுக்கு ஃப்ளைட்டு? நம்ம அடுப்படியிலயே நின்னு சாப்பிட்டிருக்கலாமே."

அந்த வருடம் கம்பெனி புதிதாக ஒன்றைப் பட்டியலில் சேர்த்தது. மலையடிவாரச் சிறுநகரம் ஒன்றில் பாரம்பரிய இத்தாலிய மதிய விருந்து. தலைமைச் சமையல்காரரே முன்னால் நின்று செய்வார். ஐந்து தட்டு, ஒவ்வொன்றையும் அவரே விளக்குவார், கைடு மொழிபெயர்ப்பார். மொத்தம் முப்பது நாற்காலி. பயணிகளில் ஒருவர் கிளம்பும் வாரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் ஆள் இருபத்தொன்பது.

"அக்கா, அந்த சீட்டுல நீங்க உக்காந்துடுங்க," என்றான் டூர் மேனேஜர். அவன் இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. "ஷெஃப் ஆளை எண்ணித்தான் செய்வாராம். ஒரு நாற்காலி காலியா இருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாராம்."

"நானா? அப்ப யாரு பரிமாறுறது?"

"இன்னிக்கு உங்களுக்குப் பரிமாறுவாங்கக்கா."

அவர் நம்பவில்லை. இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டபின் மகளுக்குப் போன் போட்டார். மகள் சொன்னது: "அஞ்சு தட்டும் முழுசா சாப்பிட்டுட்டு எந்திரி. நடுவுல எவனாவது கூப்பிட்டான்னு பாத்திரம் தூக்கப் போயிடாத. சத்தியம் பண்ணு." அவர் போனிலேயே சத்தியம் செய்தார். இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டார். ராத்திரிக்கான பருப்புக் குழம்பை மட்டும் விடியற்காலையில் செய்து தூக்கில் ஊற்றி, பஸ்ஸின் வயிற்றுக்குள் வைத்தார். மதியத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. பதினேழு வருடத்தில் முதல் தடவை.

சாப்பாட்டுக் கூடம் நீளமானது. ஒரே மேசை, இருபக்கமும் நாற்காலிகள். அதன் தலைமாட்டில், ஒரு படி உயரத்தில், மறைப்பில்லாத அடுப்படி. சமையல்காரருக்கு அறுபது வயதிருக்கும். கனத்த உடம்பு, முழங்கை வரை சுட்ட வடுக்கள். குக்கரக்கா முதலில் பார்த்தது அந்த வடுக்களைத்தான். தன் கையிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் ஒன்று இருந்தது; ஓவன் கதவு பட்டால் அங்கேதான் சுடும்.

இரண்டாவது பார்த்தது ஒரு பானையை. பின்னடுப்பில், தணலாக வைத்த தீயில், கறுத்த இரும்புப் பானை. மூடியைச் சுற்றி மாவு பிசைந்து ஒட்டி அடைத்திருந்தது. மாவு காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. சமையல்காரர் வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூடிமேல் உள்ளங்கையை ஒரு நொடி வைத்துவிட்டுப் போனார், காய்ச்சல் பார்ப்பது போல. அன்றைய சமையலே அதுதான், மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் என்று குக்கரக்காவுக்குப் புரிந்துவிட்டது. அது மூன்றாவது தட்டு என்று கைடு சொன்னார். உள்ளே என்ன என்பதைத் திறக்கும்போதுதான் சமையல்காரர் சொல்வாராம்.

"அட, சமையக்காரம்மாவும் நம்ம கூடவா?" எதிர் வரிசையிலிருந்து நகைக்கடைக்காரர் மனைவி குரல் கொடுத்தார். "அப்ப நமக்கு யாரு போடுறது?"

சிரிப்பு எழுந்தது. நகைக்கடைக்காரர் குடும்பம் மட்டும் பதினான்கு பேர், அவருடைய வயதான அப்பா உட்பட. அவர்கள் சிரித்தாலே கூட்டம் சிரித்த மாதிரி இருக்கும்.

"அவங்களுக்கு இன்னிக்கு லீவும்மா," என்றார் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "விடுங்க, அவங்களும் மனுஷிதானே."

முதல் தட்டு வந்தது. சிவப்புக் குடைமிளகாயைத் தீயில் கருக்கி, தோலுரித்து, ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்திருந்தார்கள். கூடவே சுட்ட ரொட்டி. குக்கரக்கா ரொட்டியால் எண்ணெயைத் தொட்டுச் சாப்பிட்டார். முதலில் பச்சைப் புல் வாசனை, பிறகு தொண்டையில் லேசான காறல். கண்ணை மூடிக்கொண்டார். கரி வாசனை மிளகாயில் இருந்தது, ஆனால் கரி ஒரு துணுக்குக்கூட இல்லை. தண்ணீரில் கழுவாமல் விரலாலேயே தோலெடுத்திருக்க வேண்டும், கழுவினால் அந்த மணம் போயிருக்கும். அவசரமே இல்லாமல், தட்டில் ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்லாமல் துடைத்துச் சாப்பிட்டார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது.

"மிளகாயைச் சுட்டு வச்சிருக்கான்," என்றார் நகைக்கடைக்காரர். "இதுக்கு நாலு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்தோம்." அவர் மனைவி கைப்பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். பாட்டில் மேசை நெடுகப் பயணம் செய்தது.

இரண்டாவது தட்டுக்குச் சமையல்காரர் மாவை எல்லார் கண்முன்னாலும் தேய்த்தார். பின்னால் பிடித்த விரல் தெரியும் அளவுக்கு மெல்லிசு. சதுரமாக வெட்டி, நடுவே பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து, மடித்து, சுண்டுவிரலில் சுற்றிக் கிள்ளி ஒட்டினார். ஆளுக்கு ஏழு. குக்கரக்காவின் விரல்கள் மடியில் தாமாகவே அந்த மடிப்பைச் செய்து பார்த்தன. சமையல்காரர் அதைப் பார்த்துவிட்டார். கையசைத்துக் கூப்பிட்டு, ஒரு சதுரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். குக்கரக்கா மடித்தார், சுற்றினார், கிள்ளினார். சமையல்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஏதோ சத்தமாகச் சொல்லிச் சிரித்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டார். கைடு மொழிபெயர்த்தார்: "யாரு இந்தக் கைதேர்ந்த சமையக்காரின்னு கேக்குறாரு. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்றாரு."

குக்கரக்காவின் தட்டில் எட்டு இருந்தது. வெண்ணெய், ஏதோ ஓர் இலை, வேறொன்றும் இல்லை. எட்டையும் எட்டு வாயாகச் சாப்பிட்டார். ஆறாவதை மெல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. "என்னங்க, காரமா?" என்று கேட்டார் வாத்தியார்.

மற்றவர்கள் தட்டுகள் பாதியில் நின்றன. "உப்பு, உறைப்பு ஒண்ணும் இல்ல." "வேகாத மாவு மாதிரி இருக்கு." "எங்க அப்பாவுக்கு சுகர் இருக்குய்யா," என்று நகைக்கடைக்காரர் மேனேஜரிடம் எழுந்தே நின்றார். "நேரத்துக்கு வயித்துக்குப் போகணும். நம்ம வீட்டுச் சாப்பாடுன்னுதானே போட்டிருக்கீங்க? ஆபீசுக்குப் போன் போடவா?"

மேனேஜர் குக்கரக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தான்.

"அக்கா, சின்ன கரண்ட் குக்கர்ல ஒரு பிடி சோறு. அந்தப் பெரியவருக்கு மட்டும்."

"இன்னிக்கு நான் சாப்பிட வந்திருக்கேன் தம்பி. நீதானே உக்கார வச்ச."

"இல்லேங்கலக்கா. அந்தாளு ஆபீசுக்குப் பேசினாருன்னா என் வேலை போச்சு. எனக்குப் போன மாசம்தான் குழந்தை பொறந்திருக்கு, உங்களுக்கே தெரியும்."

அவர் பின்னடுப்பைப் பார்த்தார். சமையல்காரர் இன்னும் பானையைத் தொடவில்லை, தட்டுகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். சின்ன குக்கர் என்றால் இருபது நிமிடம்.

"வச்சு விட்டுட்டு வந்துடுவேன். அந்தப் பானையத் திறக்கும்போது நான் இங்க இருக்கணும்."

"சத்தியமாக்கா."

பின்முற்றத்தில் ஒரு பிளக் இருந்தது. பஸ்ஸிலிருந்து சின்ன குக்கரைக் கொண்டுவந்து கழுவி அரிசி போடும்போதே நகைக்கடைக்காரர் மனைவி வாசலில் வந்து நின்றார். "மாமாவுக்கு மட்டுமா ஆக்குற? அப்ப புள்ளைங்க? நாங்க என்ன, ஊறுகாயை நக்கிட்டு உக்காந்திருக்கவா?" பின்னாலேயே வேறு இரண்டு பேர். பின்னாலேயே மேனேஜர், முகத்தைப் பார்க்காமல்: "பெரிய குக்கரையே வச்சிடுங்கக்கா. கேக்குறாங்க."

பெரிய குக்கருக்கு அந்தப் பிளக்கின் மின்சாரம் போதவில்லை. நாற்பது நிமிடம் பிடித்தது. புடவையைத் தூக்கிச் செருகி, அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். முப்பதாவது நிமிடத்தில் உள்ளே டொக், டொக் என்று கேட்டது. பானை மூடியைச் சுற்றிக் காய்ந்திருந்த மாவைக் கரண்டிக் காம்பால் உடைக்கிறார்கள். அதைத் தொடர்ந்து வாசனை முற்றத்துக்கு வந்தது. ஒயின், பூண்டு, கொழுப்பு, இன்னொன்று. அந்த இன்னொன்று என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. எழுந்து போகலாமா என்று கதவைப் பார்த்தார். குக்கர் பொங்கி வழிந்தது, உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் சமையல்காரர் வெளியே வந்தார். ஆளைக் காணோமே என்று தேடி வந்திருக்க வேண்டும், கை துடைக்கும் துணி கையில் அப்படியே இருந்தது. குக்கரைப் பார்த்தார். பிறகு இவரை. கைடு கூட இல்லை. குக்கரக்கா இரண்டு கைகளையும் விரித்து, உள்ளே இருக்கும் கூட்டத்தைக் காட்டி, தன் மார்பைத் தொட்டு, இல்லை என்று தலையாட்டினார். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாரோ. சமையல்காரர் குனிந்து மூடியைத் திறந்தார். ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார். சரியான பதம் என்பது போலத் தலையசைத்தார். மூடியை வைத்துவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

சோறு கூடத்துக்குள் வந்தபோது கைதட்டினார்கள். மேசையில் குக்கர் வைக்க ஒரு இடம்தான் காலியாக இருந்தது, நடுவில், குக்கரக்காவின் நாற்காலிக்கு முன்னால். மேனேஜர் அங்கேயே இறக்கினான். அவருக்கு வைத்திருந்த மூன்றாவது தட்டை, ஆள் எழுந்து போய்விட்டார் என்று நினைத்த பரிமாறுகிற பெண் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மற்றத் தட்டுகள் தொட்டும் தொடாமலும் ஒதுக்கப்பட்டிருந்தன. குக்கரக்கா கரண்டியை எடுத்தார். ராத்திரிக்கு வைத்திருந்த பருப்புக் குழம்பும் பஸ்ஸிலிருந்து வந்தது; அது போதாமல், அடியில் தண்ணீர் விட்டுக் கலக்கினார்.

"அக்கா கையே கை," என்றார் நகைக்கடைக்காரர், வாய் நிறையச் சோற்றோடு. "இந்தாளு உங்ககிட்ட வந்து கத்துக்கணும்." சமையல்காரரைத்தான் சொன்னார். அவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது தட்டையும் ஐந்தாவதையும் விளக்க அவர் வரவில்லை. அவை வந்தன, போயின.

பஸ் கிளம்பியதும் கருத்துப் படிவங்களை மேனேஜர் வாங்கிப் புரட்டினான். கடைசி இருக்கைக்கு வந்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, இருபத்தொம்போது பேரும் உங்களைப் பத்திதான் எழுதியிருக்காங்க. ஆபீஸ்லயும் பேசிட்டேன். அடுத்த டிரிப்ல இருந்து இந்த ஷெஃப் சாப்பாட்டையே எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க."

அவர் புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைக் கிள்ளி எடுத்தார்.

"அந்தப் பானையில என்ன இருந்துச்சு தம்பி?"

"தெரியலக்கா. நான் சோறு சாப்பிட்டேன்."

கைடைக் கேட்கலாம் என்றால் அவர் அந்த ஊரிலேயே இறங்கிவிட்டார். குக்கரக்கா எழுந்து, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். வாத்தியார் யோசித்துப் பார்த்தார். "கறி மாதிரிதான் இருந்துச்சு. நான் ஒரு துண்டு வாயில வச்சேன், அதுக்குள்ள உங்க சோறு வந்துடுச்சு பாருங்க." நகைக்கடைக்காரர் மனைவி, "யாருக்குத் தெரியும், ஒரே நாத்தம்," என்றார். நாலாவது வரிசையில் ஒரு கல்லூரிப் பேராசிரியை இருந்தார். சாப்பிட்டாரோ இல்லையோ, எல்லாத் தட்டையும் படம் எடுத்தவர். போனை நீட்டினார்.

குக்கரக்கா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கருஞ்சிவப்பில் ஒரு துண்டு, மேலே பளபளக்கும் சாறு. நார் நாராகப் பிரிந்து நின்றது, கத்தி பட்ட அடையாளம் இல்லை. ஓரத்தில் ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிய சுருள் ஒன்று. அதை இன்னும் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாகச் சிதறிப்போனது.

"இது என்னன்னு அவர் சொன்னாரா?"

"சொன்னாரு. நான் அப்ப வீடியோவுக்குக் கோணம் பாத்துட்டிருந்தேன்."

"ஏழு மணி நேரமாவது அடுப்புல இருந்திருக்கும்," என்றார் குக்கரக்கா. "நீங்கள்லாம் எந்திரிக்கும் முன்ன ஏத்தியிருப்பாரு."

"அப்படியா?" என்ற பேராசிரியைக்கு அழைப்பு வந்தது. போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பஸ் மலைப்பாதையில் வளைந்தது. பின்னால் பெரிய குக்கர் உருளும் சத்தம் கேட்டது. குக்கரக்கா கடைசி இருக்கைக்குத் திரும்பி, அதை இரண்டு பாதங்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டார். அது இன்னும் சுட்டது.