ஒரே சளி, இரண்டு குழந்தைகள்

அந்த மார்கழியில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வாரத்தில் சளி பிடித்தது. மூத்தவளுக்கு நாலு வயது. சின்னவன் ஏழு மாதக் கைக்குழந்தை. சளியை நர்சரியிலிருந்து கொண்டுவந்தவள் மூத்தவள். உடம்பு அனலாகக் கொதித்தது. தொண்டை வலிக்கிறது என்று இட்லியைத் தள்ளிவிட்டாள். பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் காய்ச்சல் சற்று இறங்கினால் போதும், எழுந்து உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடுவாள்.

சின்னவனுக்குக் காய்ச்சலே இல்லை. மூக்கு ஒழுகியது, பிறகு இருமல் வந்தது. அதனால் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மூத்தவளின் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

என் கணவருக்கு நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னேன்: "என்னங்க, இவன் சரியாப் பால் குடிக்க மாட்டேங்கறான். நாலு வாய் உறிஞ்சிட்டு விட்டுடறான்."

"மூக்கு அடைச்சிருந்தா எப்படிக் குடிப்பான்? சளிதானே. அவளுக்கு விடற மாதிரி இவனுக்கும் விட்டுடும்."

கடைத்தெருவில் ஒரு கிளினிக் இருந்தது. இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் மூத்தவளின் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "தம்பிக்கும் அதே சளிதான். அதே மருந்தைப் பாதி அளவு கொடுங்க" என்றார்.

"இவனுக்கு வேற மாதிரி இருக்குங்க டாக்டர். நெஞ்சுல விசில் மாதிரி சத்தம் கேக்குது."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்னம்மா" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பல் முளைக்கிறது என்றார் ஒருவர். கரித்தூள் படிந்த கொடியில் துணி காயப்போட்டதால் என்றார் இன்னொருவர். மார்கழிப் பனியில் தலைக்கு ஊற்றினாயா என்று என் கணவரே கேட்டார். எல்லாக் காரணமும் சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து விழுந்தது. குழந்தையைப் பாருங்கள் என்று நான் சொன்னதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மதியம் உடம்பு துடைத்துவிட அவன் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் இடுக்கு உள்ளே குழிந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து சுருங்கின. அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவைக் கூப்பிட்டேன். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர்.

"இன்னாம்மா, புள்ள இப்பிடி மூச்சு வாங்கினு இருக்குது? பெரியவள நான் பாத்துக்கறேன். நீ இவனத் தூக்கினு ஆஸ்பத்திரிக்குப் போ."

பஸ் பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் எதுவும் கேட்பதற்கு முன்பே அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார். உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்.

எனக்கு ஆறவில்லை. "பெரியவளுக்கு அவ்வளவு காய்ச்சல் அடிச்சும் ஒண்ணும் ஆகலை. அவகிட்டேருந்து தொத்தினதுதானே இவனுக்கும்?"

"ஒரே வைரஸாக்கூட இருக்கலாம்மா. பெரிய குழந்தைக்கு மூக்கு, தொண்டையோட போயிடும். இவனுக்கு நுரையீரல்ல இருக்கற மூச்சுக்குழல் ரொம்பச் சின்னது. கொஞ்சம் வீங்கினாலே அடைச்சுக்கும். காய்ச்சலை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. மூச்சையும் பால் குடிக்கறதையும் பாக்கணும்."

"என்ன மருந்து கொடுப்பீங்க?"

"இதுக்குன்னு தனியா மருந்து இல்லம்மா. ஆக்சிஜன் கொடுக்கலாம், மூக்கு வழியாக் குழாய் விட்டுப் பால் கொடுக்கலாம். வீக்கம் தானா வத்தணும்."

நான் சொன்னதை முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். ஆனாலும் அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேரோடு மல்லுக்கட்டி வந்து சேர்ந்த இடத்தில், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம் என்றால் எப்படி இருக்கும்?

ஷிப்ட் முடிந்து அப்படியே ஓடிவந்த என் கணவர் கட்டிலருகே வந்து நின்றார். குழந்தையின் மூக்கில் இருந்த குழாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒரு காலையில் அவன் இடையில் நிறுத்தாமல் பால் குடித்தபோது, மார்பில் அவன் பலமாக இழுத்தது வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

வீடு திரும்பியதும் விசாரிக்க வந்தவர்களிடம் என் கணவர் சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க, சாதாரண சளிதான். நெஞ்சுல எறங்கிடுச்சு, அவ்வளவுதான். இவதான் ரொம்பப் பயந்துட்டா."

நான் காபி டம்ளர்களை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.