மூன்று மீட்டர் மணல்

முபீனா அலுத்துப்போய் நான்கு வருடமாகிறது. பகலெல்லாம் கும்மிடிப்பூண்டி வார்ப்பட ஆலை ஆய்வகத்தில், இரும்பு வார்க்கும் அச்சுக்கான மணலைச் சலித்து அளப்பாள். மாலை ரயிலில் மீஞ்சூர் வந்து, உலை வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தால் அங்கேயும் மணல்தான். விண்கலம் எடுத்த படங்களை வைத்து, செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மணற்குன்று நகர்கிறதா என்று பார்ப்பது அவளுடைய பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. ஊரிலுள்ள மணல் போதாதா என்று கேட்காத உறவினர் இல்லை.

2009 சித்திரையில் ஒருவழியாக விடை கிடைத்தது. பதினொரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில், குன்றின் நிழல் விளிம்பு மூன்று மீட்டர் தள்ளியிருந்தது. இரண்டுமே செவ்வாயின் நேரப்படி பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தவை. அப்படியானால் குன்றுதான் நகர்ந்திருக்க வேண்டும். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்தான் பாக்கி. இனி தவணை நீட்டிக்க மாட்டார்கள்.

அந்த வாரம்தான் ஆலை முற்றத்தில் காவலாளி மணவாளன் அவளை மறித்தார். கழித்துப்போட்ட மணல் குவியலுக்கு அவர் காவல். மார்கழியில் மாலை நான்கு மணிக்குக் குவியலின் நிழல் முடியும் இடத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தார். நிழல் குறைந்தால் மணல் திருட்டுப்போனதாக அவர் கணக்கு.

"நாலு மணிதான் மேடம் இப்பவும். கோட்டுக்கு ரெண்டடி உள்ள வந்துகீது. எவனோ வாரிக்கினு பூட்டான்."

"யாரும் எடுக்கலண்ணே. மார்கழில சூரியன் தாழ இருக்கும். சித்திரைல அதே நாலு மணிக்கு..."

சொன்னதைப் பாதியில் விட்டு, பையை எடுக்க ஆய்வகத்துக்கு ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் படங்களைத் திறந்தாள். ஒன்று அங்கே குளிர்காலம், மற்றது கோடை. மணியைப் பார்த்தவள் பருவத்தைப் பார்க்கவில்லை. நிழலை விட்டுவிட்டு, பக்கத்துப் பாறையிலிருந்து குன்றின் அடிவாரத்தை அளந்தாள். இம்மியும் நகரவில்லை. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

கணவன் அப்ரார் தேநீர் கொண்டுவந்து வைத்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அப்டியே குடுத்துடு முபீனா. நாலு வருசம் பேஜாரு போதும். அங்க போயி யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனேங்க."

தேநீரைக் குடித்து முடித்தாள். பிறகு 'மூன்று மீட்டர்' என்று வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க ஆரம்பித்தாள். மொத்தம் நாற்பத்தோரு இடம்.