குறுக்கெழுத்தும் குப்புறப் படுத்த அப்பாவும்

கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் அப்பாவின் பெருவிரல் தட்டிக்கொண்டே இருக்கும் சத்தம்தான் அந்த டிசம்பர் லீவில் என் காதில் முதலில் விழுந்த சத்தம். காலையில் அம்மா வேலைக்குப் போய்க் கதவு சாத்திய கணத்தில் தொடங்கி, அவர் ஒரு குட்டித் தூக்கம் போடும் பகல் நேரம் வரை, டக் டக் என்று அது நிற்கவே நிற்காது.

அப்பா தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குத் தேயிலை ஏற்றும் லொறியின் டிரைவர். சாப்பிடும்போதுகூடச் சுவரில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டு முடித்து, "வர்றேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற மனிதர். அவருடைய வலது கண்ணுக்குள் விழித்திரை கழன்றுவிட்டது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து, கண்ணுக்குள் காற்றுக் குமிழி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து, கழன்றதை அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். அதற்காக அவர் இரண்டு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தலை நிமிரக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. கம்பளைப் பாதையோரம் மேட்டில் இருந்த எங்கள் இரண்டு அறை வாடகை வீட்டில், கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி, ஒரு கதிரையில் அடுக்கிய தலையணைகளில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அப்பா தரையைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா டவுனில் துணிக்கடையில் வேலை செய்தார். லீவு போட்டால் வேலை போய்விடும். ஆகவே பன்னிரண்டு வயதான நான் அப்பாவுக்குக் காவல்.

முதல் மூன்று நாட்கள் எங்கள் இருவருக்குமே நரகம். கீழே தரிசு நிலத்தில் என் சிநேகிதிகள் "எல்லே" விளையாடுவார்கள். பந்தை அடிக்கும் சத்தம் மேலே கேட்கும்போதெல்லாம் என் கால்கள் தாமாகவே வாசலுக்குப் போகும். பாதையில் ஒரு லொறி ஏறினால் அப்பாவின் முதுகு அசையும். "லோட் கூட, செகண்ட் கியர்ல போடாம ஏன் முக்குறான்?" என்று தரையைப் பார்த்துக் கத்துவார். "அசையாதீங்கப்பா" என்று நான் கத்துவேன்.

நான்காம் நாள் கடையிலிருந்து பாண் ரொட்டி சுற்றி வந்த பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டி இருந்தது. சும்மா இருக்க மாட்டாமல் அதை அப்பாவின் முகத்துக்கு நேர் கீழே தரையில் விரித்து, நானும் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு சத்தமாக வாசித்தேன். 'தலைவிடு – கைதி எதிர்பார்ப்பது. குழம்பியுள்ளது.' நான்கு கட்டம். பெருவிரல் தட்டுவது நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்து அப்பா சொன்னார்:

"விடுதலை. நான் கேக்குறதும் அதத்தான்."

அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறெதையும் அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து காலையில் கடைக்கு ஓடிப்போய்ப் பேப்பர் வாங்கி வருவது என் வேலையாயிற்று. கஷ்டமான புதிர்கள் அல்ல. ஒரு சொல் குழம்பியிருக்கும், ஒன்று திரும்பியிருக்கும், ஒன்று தலையையோ நடுவையோ இழந்திருக்கும். 'திரும்பி வந்த சிவா படிக்கச் சொல்கிறான்' என்று நான் வாசித்தால், "ரிவர்ஸ் எடு புள்ள, ரிவர்ஸ் எடு!" என்று கட்டிலே ஆடும்படி கத்துவார். வாசி என்று நான் எழுதுவேன். 'நடுவை இழந்த கவலை, நடனமும் இதில் ஒன்று' என்பதற்குக் 'கலை' என்று கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது முழுவதும் எடுத்துக்கொண்டார். நான் முதலிலேயே கண்டுபிடித்திருந்தாலும் சொல்லவிட மாட்டார்.

பதினோராம் நாள் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. 'தலையை இழந்த குதிரை மேடையை மறைக்கும்.' இரண்டு கட்டம். எனக்கு விடை தெரிந்துவிட்டது. கீழே இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓர் ஆள் குறைகிறதாம்.

"சொல்லிடுறேன்ப்பா, முடிச்சிருவோம்."

"வாயத் தொறக்காத. நானே புடிக்கிறேன்."

"அப்ப நான் போயிட்டு வர்றேன். அசையக் கூடாது, சரியா?"

"போ, போ. கட்டிப்போட்ட மாடு எங்க போகப்போகுது?"

பேப்பரைத் தரையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஒரு மணித்தியாலமாவது விளையாடியிருப்பேன். வியர்வையோடு படியேறி வந்து கதவைத் தள்ளியபோது கட்டில் வெறுமையாக இருந்தது. அப்பா ஜன்னலோரம் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணில் கட்டு இருந்ததால் மாட்ட முடியாத தன் வெள்ளெழுத்துக் கண்ணாடியை, ஒரு கையால் நல்ல கண்ணுக்கு முன்னால் பிடித்தபடி, மறு கையில் பேப்பரை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார். கட்டத்தை விட்டு வெளியே சரிந்த கோணல் எழுத்தில் 'திரை' என்று எழுதியிருந்தார்.

"புடிச்சிட்டேன் புள்ள!" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

நான் அழவில்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் குப்புறத் தள்ளினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தலையணைக்குள்ளிருந்து, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. மறுநாள் பேப்பர் வாங்கவும் போகவில்லை. மீதி மூன்று நாட்களும் வாசற்படியில் பாதையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

குமிழி கரைந்த பிறகு, கிளினிக்கில் டொக்டர் அப்பாவின் வலது கண் முன்னால் விரல்களை நீட்டினார். ஏதோ அசைவது தெரிகிறது என்றார் அப்பா. எத்தனை விரல் என்று சொல்ல அவரால் முடியவில்லை. அதற்குமேல் அந்தக் கண் தெளியவேயில்லை. லொறி ஓட்டும் வேலை போயிற்று. பிறகு டவுனில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் பதினைந்து வருடங்கள், கவுண்டருக்குப் பின்னால், ஒரே இடத்தில் நின்றார். பாடசாலை விட்டு அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன். அந்த ஒரு மணித்தியாலத்தை நான் விளையாடாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு, பரீட்சை மண்டபத்திலும், கல்யாணப் பந்தலிலும், இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய சாவு வீட்டிலும் என்னோடு கூடவே வந்தது.

இப்போது அந்த வீடு இல்லை. பாதையை அகலமாக்கியபோது மேட்டையே வெட்டிவிட்டார்கள். நான் பேப்பர் வாங்கிய கடை போன் கடையாகிவிட்டது. என் மகள் சொல் விளையாட்டுகளை எல்லாம் போனில் தனியாக விளையாடுகிறாள், யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, எப்படியோ அதைச் சொல்லிவிட்டேன். நான் ஓடிப்போனது, அப்பா எழும்பியது, எல்லாம்.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு மட்டுமா எழும்புனாரு? நீ பேப்பர் வாங்கப் போற நேரமெல்லாம் எழும்பி ஜன்னல்ல நின்னு லொறி போறதப் பார்ப்பாராம். நீ படியேறுற சத்தம் கேட்டா ஓடிப்போய் குப்புறப் படுத்துக்குவாராம். அவரே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு, நான் நல்லாத் திட்டினேன்."

"அதனாலதானே கண்ணு போச்சு?"

"அது எப்பவோ போயிருச்சு. மூணு வாரமா கண்ணுல கறுப்பா மறைக்குதுன்னு தெரிஞ்சும் லொறி ஓட்டுனவரு. வந்ததே லேட்டு, பாதி தேறினாலே பெரிசுன்னு டொக்டர் ஒப்பரேஷனுக்கு முந்தியே சொல்லிட்டாரு."

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஒருநாளும் கேக்கலையே."

இருபது வருடத்துக்கு மேல் என்னோடு இருந்த ஒன்று, ஒரு பிடி பீன்ஸ் நறுக்கி முடிவதற்குள் இல்லாமற் போய்விட்டது. அன்று பொழுது சாயும்வரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.