ஓரத்தில் மாறிய நிறம்

ஆலிவின் என்னும் கனிமத்தின் படிகம் என்றதும் இன்றும் எனக்கு அந்த ஒரு ஸ்லைடுதான் கண்முன் வருகிறது. பசால்ட் என்னும் கறுத்த எரிமலைப் பாறையிலிருந்து ஒரு சில்லு அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லியதாக அரைத்து நுண்ணோக்கியில் வைத்தால், ஆலிவின் மட்டும் ஊதாவும் நீலமும் பச்சையுமாக ஒளிரும். அந்த ஸ்லைடில் ஒவ்வொரு படிகத்துக்கும் நடுவில் ஒரு நிறம் இருந்தது. விளிம்பைச் சுற்றி, கரை வைத்த வேட்டிபோல, இன்னொரு நிறம்.

அதை அரைத்தவர் எங்கள் கல்லூரியின் லேப் அண்ணன். தஞ்சாவூரில் நான் நிலவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது அவர் அங்கே தற்காலிக வேலையில் இருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் குத்தகைக்கு நெல் பயிரிடும் குடும்பம். தக்காணத்திலிருந்து நான் சாக்கில் கட்டி வந்த எரிமலைப் பாறைகளைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல கல்லுன்னா அரிசியில கெடக்குறதுதான் மேடம். பொறுக்கித் தூரப் போடுவோம். நீங்க என்னடான்னா ரயிலேத்திக் கொண்டாந்திருக்கீங்க" என்று சிரித்தார். கண்ணாடித் தகட்டின் மேல் அரைக்கும் பொடியும் தண்ணீரும் இட்டு அவர் கல்லை வட்டமாகத் தேய்க்கும்போது, போதுமா போதாதா என்பதை விரல்தான் அவருக்குச் சொல்லும். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

அந்த எரிமலைக் குழம்பு எங்கே பிறந்தது என்பதுதான் என் ஆய்வு. குழம்பில் முதலில் உருவாகும் படிகங்களில் ஒன்று ஆலிவின். ஆழத்தில், கடும் வெப்பத்தில் பிறந்தால் அதில் மக்னீசியம் மிகுந்திருக்கும். ஆறிய குழம்பில் வளர்ந்த பகுதியில் இரும்பு கூடும். ஒரே படிகத்தில் நடுவும் ஓரமும் வேறுபட்டால், அது ஓரிடத்தில் பிறந்து, வரும் வழியில் வேறொரு குழம்பில் தங்கி வளர்ந்திருக்கலாம். நானோ, குழம்பு எங்கும் தங்காமல் நேராக மேலே வந்தது என்று கட்டுரையை முக்கால்வாசி எழுதி முடித்திருந்தேன். ஸ்லைடு சீராக அரைபடாவிட்டாலும் நிறம் மாறித் தெரியும். அந்த விளக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

"ஓரமெல்லாம் தேஞ்சு போச்சுண்ணே. சரியா அரைக்கல நீங்க."

"இல்ல மேடம். நான் கோணலா அரைச்சிருந்தா கண்ணாடியில ஒரு பக்கம் முழுக்கல்ல நிறம் மாறணும்? இங்க ஒவ்வொண்ணுக்கும் சுத்திவர மாறுது. பக்கத்துல இருக்கற வெள்ளைப் படிகம் மாறவே இல்ல, பாருங்க."

"பாடம் நான் எடுத்துக்கறேன். நீங்க அரைங்க."

மூன்று முறை புதிதாக அரைத்துக் கொடுத்தார். மூன்றிலும் அந்தக் கரை இருந்தது. இவருடைய கை நிதானமில்லை, ஸ்லைடுகள் ஆய்வுக்கு உதவாது என்று துறைத்தலைவருக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டு அவருடைய வேலை நீட்டிக்கப்படவில்லை. கடைசி நாளில் கண்ணாடித் தகட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, "வர்றேன் மேடம்" என்றார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஸ்லைடுகளை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். படிகத்தில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளக்கும் கருவி அங்கே சொன்ன முடிவு தெளிவாக இருந்தது. நடுவில் மக்னீசியம், ஓரத்தில் இரும்பு. அவர் கண்ணால் கண்டதைத்தான் கருவி எண்களாகத் தந்திருந்தது. அடுத்த கட்டுரையில் என் கருத்தைத் திருத்திக்கொண்டு அந்த ஆய்வகத்துக்கு நன்றியும் சொன்னேன். அவருக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை.

இந்த ஆண்டு என் மகன் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தான். தொழிற்சாலையில் பாகங்களை அளந்து சரிபார்க்கும் முதல் வேலை. குறை இருக்கிறது என்று அவன் சொன்னதை மேலதிகாரி ஏற்கவில்லை. அளக்கத் தெரியாதவன் என்று எழுதிவைத்துவிட்டார். பத்து நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் ஸ்கேலைக் கண்ணருகே பிடித்தபடி, "எனக்குத்தான் பார்க்கத் தெரியலையோம்மா?" என்றான். துறைத்தலைவருக்கு நான் எழுதிக் கொடுத்த வரி அப்படியே நினைவுக்கு வந்தது.

விசாரித்துக்கொண்டு லேப் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் அரைத்ததில் குறை இல்லை, தவறு என்னுடையது என்று நான் சொல்லி முடித்ததும் அவர் மனைவிதான் முதலில் பேசினார். "கை சரியில்ல, கை சரியில்லன்னே சொல்லிக்கிட்டு இவுங்க வீட்டுல ஒரு ஆணி அடிச்சதில்லீங்க. கடிகாரம் மாட்டக்கூடப் பக்கத்து வீட்டுலதான் ஆள் கூப்பிடணும். சோம்பேறின்னு எவ்வளவு திட்டியிருக்கேன்!"

அண்ணன் சிரிக்கவில்லை. "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது மேடம்?"

"நாலு வருஷம் கழிச்சு."

"அதுக்கப்பறம்?"

அவர் உள்ளே போய் ஒரு கோடு போட்ட நோட்டுடன் வந்தார். "அன்னைக்கு எழுத்துலதான் குடுத்தீங்க. இதையும் எழுதிக் குடுங்க."

எழுதினேன். அவருடைய ஸ்லைடுகளில் எந்தக் குறையும் இல்லை, அவர் கண்டதே சரி என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"என் கை நல்லாருக்குன்னு இருக்கு மேடம். தெரிஞ்சும் நீங்க சொல்லாம இருந்தது இதுல இல்லியே."

இன்னொரு தாள் கேட்டேன். அவர் நோட்டையே என் பக்கம் தள்ளிவைத்தார்.