இரண்டு தட்டு

வாயால் ஊதித்தான் தூசியைப் போக்குவார். பழைய காரிலிருந்து தேய்ந்த கிளட்ச் பிளேட்டைக் கழற்றியதும் முகத்துக்கு நேரே பிடித்து ஓர் ஊது. கறுப்பு மாவு கிளம்பி மீசையில் படியும். ஈரத்துணி பக்கத்திலேயே கிடக்கும். தொடமாட்டார்.

"துணியால துடைச்சா கை தேஞ்சிடுமா?" என்பாள் மனைவி.

"இத்தனை வருஷமா தின்ன தூசு. இப்ப புதுசா என்ன பண்ணிடப் போகுது?" என்பார் மெக்கானிக்.

என்ன பண்ணியது என்பதை டாக்டர் படம் எடுத்தே காட்டிவிட்டார். நுரையீரல் இரண்டும் இறுகிக்கொண்டு வருகின்றன; இனி ஒரு சிட்டிகை தூசிகூட உள்ளே போகக் கூடாது. மனுஷர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு நேரே பட்டறைக்கு வந்து சேர்ந்தார். பார்ப்பவர்கள் அடம் என்கிறார்கள். அது பயம். வீட்டில் சும்மா படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்ற பயம். அவளுக்கும் அது தெரியும்.

வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. புதுப் பிளேட்டை விளிம்பில்தான் பிடிப்பார்; எண்ணெய்க் கை பட்டால் ஓடும்போது கிளட்ச் வழுக்கிவிடும். நடுவில் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்திருக்க வேண்டும். "திரும்பி உக்காந்தே, மறுபடி அத்தனையும் இறக்கணும், பாத்துக்க" என்று பிளேட்டையே மிரட்டுவார். பழைய கியர் தண்டைச் செருகி மையம் பார்த்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார். இப்போதெல்லாம் ஒவ்வொரு போல்ட்டுக்கும் நடுவே சக்கரத்தில் சாய்ந்து மூச்சு வாங்குகிறார்.

கடைசி வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் காருக்கு அடியில் படுத்து கிளட்ச் கம்பியைச் சரிசெய்வார். அவள் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பாள். "மிதி! இன்னும் நல்லா மிதி!" என்று அவர் போடும் சத்தத்தில், பெண்டாட்டியிடம் அடி வாங்குகிறார் என்று தெருவே சிரித்த காலம் உண்டு. சத்தம் போட மூச்சு போதாமல் போன பிறகு ஸ்பேனரால் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் மிதி. இரண்டு தட்டு என்றால் விடு.

இன்று ஒரு தட்டு கேட்டது. மிதித்தாள். அடியில் இருமல் கிளம்பியது. நீண்டது. சட்டென்று நின்றது.

"என்னங்க?"

விடச் சொல்லும் இரண்டு தட்டு வரவில்லை. ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்றால், காலை எடுத்த மறுகணம் கம்பி பின்னால் அடித்து அவர் விரலை நசுக்கிவிடும்.

"யாராவது வாங்களேன்" என்று தெருப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்தி, பெடலைத் தரையோடு பிடித்துக்கொண்டாள்.